பூனை பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்: ஒரு மதிப்புரை

லிட்டர் பெட்டிக்கு, அதாவது பூனையின் கழிப்பிடமாக மண் நிரப்பி வைக்கும் பெட்டிக்கு, வெளியே பூனை சிறுநீர் கழிக்கும் வீடுகளுக்கென்றே விற்கப்படும் பொருள்கள் ஏராளம். கறையும் நாற்றமும் நீக்கும் என்சைம் கிளீனர், புற ஊதா டார்ச், விதவிதமான லிட்டர் மண், மூடி போட்ட பெட்டி, தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் பெட்டி, சுவர் பிளக்கில் செருகும் ஃபெரமோன் டிஃப்யூசர், பூனையை அண்டவிடாது என்று சொல்லும் ஸ்பிரே எனப் பட்டியல் நீளும். வயதான பெண் பூனை ஒன்றும் இளவயது ஆண் பூனை ஒன்றும் உள்ள வீட்டில் இவை எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பிராண்டு பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே வகைப் பொருள்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன என்பதால், வாங்குபவர் லேபிளில் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பவையே முக்கியம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல என்சைம் கிளீனரும், மூடியில்லாத பெரிய பெட்டியும், மணமில்லாத நுண்மணல் போன்ற லிட்டரும் கொடுத்த காசுக்கு முழுப் பயன் தருபவை. டார்ச் சிறிய செலவில் பெரிய உதவி செய்கிறது. டிஃப்யூசர் சில பூனைகளுக்கு மட்டும் உதவும். தானியங்கிப் பெட்டியை இந்தச் சிக்கலுக்காக வாங்கக் கூடாது. ஸ்பிரேயை எதற்காகவும் வாங்க வேண்டாம். ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால் செலவிட வேண்டியது ஒரு பொருளுக்கு அல்ல, ஒரு சேவைக்கு.

அந்தச் சேவை கால்நடை மருத்துவரிடம் செய்துகொள்ளும் சிறுநீர்ப் பரிசோதனை. இத்தனை காலம் ஒழுங்காகப் பெட்டியைப் பயன்படுத்திய பூனை திடீரென்று மெத்தையிலோ குளியலறைத் தரையிலோ சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அது பழிவாங்குகிறது, பிடிவாதம் பிடிக்கிறது என்றெல்லாம் நினைப்பது அந்த உயிருக்கு நாம் செய்யும் அநியாயம். சிறுநீர்ப்பை அழற்சி, ஸ்ட்ருவைட் அல்லது கால்சியம் ஆக்சலேட் கற்கள், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகைச்சுரப்பு என்று உடல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. சிறுநீர் கழிக்கும்போது வலித்தால், அந்த வலியைப் பூனை பெட்டியோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. வலிக்காத இடத்தைத் தேடி வெளியே போகிறது. இளவயதுப் பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது கிருமித் தொற்று இல்லாமலேயே வரும் சிறுநீர்ப்பை அழற்சி. மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆகவே பரிசோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் வீண். கற்களிலும் வேறுபாடு உண்டு: ஸ்ட்ருவைட் கற்களைத் தனி உணவு கொடுத்துக் கரைக்கலாம், ஆக்சலேட் கற்கள் அப்படிக் கரைவதில்லை. எது என்று தெரியாமல் கடையில் விற்கும் சிறுநீர்ப் பாதைப் பாதுகாப்பு உணவு என்ற பையை வாங்குவதில் பொருளில்லை.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. நீரை உறிஞ்சாத சிறு பிளாஸ்டிக் மணிகளைச் சுத்தமான காலிப் பெட்டியில் போட்டு வைத்தால், பூனை சிறுநீர் கழித்ததும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கென்று விற்கும் சிறிய தொகுப்பு நன்றாகவே வேலை செய்கிறது; கூச்சமுள்ள பூனைக்கு இதுவே சிறந்தது. எடுத்த மாதிரியை உடனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குளிர்ந்துபோன மாதிரியில் இல்லாத படிகங்கள் புதிதாக உருவாகி முடிவைக் குழப்பிவிடும். மற்றொன்று, மருத்துவர் வயிற்றின் வழியாக நுண்ணிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக எடுப்பது. கேட்கப் பயமாக இருந்தாலும், கிருமி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள இதுவே நம்பகமான வழி. பழகிய கை என்றால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கி, ஒரு சொட்டு மட்டும் விட்டோ எதுவும் விடாமலோ எழுந்து வந்து, கத்தி, குறியை நக்கிக்கொண்டே இருந்தால் அது பெட்டிச் சிக்கல் அல்ல, அவசரச் சிகிச்சை. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அது முழுவதும் அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாள்களில் உயிரே போய்விடும். இரவு என்றும் பாராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பூனை சிறுநீர் கழிக்கிறதா, தெளிக்கிறதா என்பதையும் பொருள் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உட்கார்ந்து, தரை போன்ற கிடைமட்டப் பரப்பில், நிறைய விட்டால் அது சிறுநீர் கழிப்பது. நின்றபடி, வாலை உயர்த்தி நுனியை நடுக்கி, சுவர், திரை, கதவு போன்ற நிற்கும் பரப்புகளில் பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக் குறி இடுவது. இரண்டுக்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு. தெளிக்கும் பூனைக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யாமல் வேறு எதை வாங்கினாலும் பெரிய பயன் கிடைக்காது. அறுவைக்குப் பின் பெரும்பாலான ஆண் பூனைகள் தெளிப்பதை நிறுத்திவிடுகின்றன, ஏறத்தாழ பத்தில் ஒன்று மட்டும் தொடர்கிறது.

இனி என்சைம் கிளீனருக்கு வருகிறேன். பூனைச் சிறுநீரின் அந்தக் குறிப்பிட்ட நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் இந்தத் திரவத்தின் அருமை புரியும். உடலிலிருந்து வெளிவந்த யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுவது எல்லா விலங்குகளின் சிறுநீரிலும் நடப்பதுதான். பூனையிடம் கூடுதலாக ஃபெலினின் என்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலம் இருக்கிறது. காக்ஸின் என்ற புரதம் பூனையின் சிறுநீரகத்தில் சுரந்து இந்த ஃபெலினின் உருவாக உதவுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினார்கள். ஃபெலினின் மெல்ல மெல்லச் சிதையும்போது வெளிவரும் கந்தகச் சேர்மங்கள்தான் நாள் போகப் போகக் கூடும் அந்தக் காட்டமான வாடைக்குக் காரணம். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிக அதிகம். சோப்புத் தண்ணீரால் துடைத்த தரை அன்றைக்கு மணக்காமல் இருந்துவிட்டு, மழை நாளில் மறுபடி வீசத் தொடங்குவது இதனால்தான்: ஆழத்தில் படிந்தவை அப்படியே இருக்கின்றன, காற்றின் ஈரம் பட்டதும் மணக்கின்றன. நம் மூக்குக்கு எட்டாத அளவு எஞ்சியிருந்தாலும் பூனையின் மூக்குக்கு அது போதும். இது என் கழிப்பிடம் என்று அந்த இடத்துக்கே திரும்பிவரும்.

என்சைம் கிளீனர் இந்தப் பொருள்களை மூடி மறைப்பதில்லை, உடைக்கிறது. புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், யூரியாவை உடைக்கும் யூரியேஸ் போன்ற நொதிகள் (என்சைம்கள்) நேரடியாக இருக்கும் திரவங்கள் ஒரு வகை. உறங்கிக் கிடக்கும் பேசில்லஸ் பாக்டீரியா வித்துகளைக் கொண்ட திரவங்கள் இன்னொரு வகை. ஈரமும் உணவும் கிடைத்ததும் இந்த வித்துகள் முளைத்து, நொதிகளைத் தாங்களே சுரந்து, சிறுநீரின் மிச்சத்தைத் தின்னும். எனக்கு இரண்டாம் வகைதான் பிடித்தது. முதல் வகை வேகமாகத் தொடங்குகிறது. ஆனால் மெத்தை, சோபா போன்றவற்றில் ஆழமாக இறங்கியதை இரண்டாம் வகை மட்டுமே முழுவதுமாக முடித்துக் கொடுத்தது. லேபிளில் என்சைம் என்ற சொல்லோடு பாக்டீரியா என்ற சொல்லும் இருக்கிறதா, கடுமையான வாசனைத் திரவியம் சேர்க்காததா, காலாவதித் தேதி இன்னும் தள்ளி இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். உயிருள்ள வித்துகள் கொண்ட பாட்டிலை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் வீணாகிவிடும்.

இந்தத் திரவம் வேலை செய்யவில்லை என்று எழுதப்படும் குறைகளில் பெரும்பாலானவை பயன்படுத்திய முறையைப் பற்றியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்பிரே பாட்டிலில் வருவதால் நாலு தெளி தெளித்துத் துணியால் துடைத்துவிடுகிறோம். அது போதாது. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும், எவ்வளவு பரவியதோ அதைவிடச் சற்று அதிகம் பரவ வேண்டும். ஆகையால் மெத்தைக்கு ஸ்பிரே மூடியைக் கழற்றிவிட்டு ஊற்றத்தான் வேண்டும். ஊற்றுவதற்கு முன் புதிய ஈரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பரவும், உள்ளே இறங்கும். குளிர்ந்த நீரால் அலசலாம். வெந்நீரும் நீராவி இயந்திரமும் கூடாது, சூட்டில் புரதம் இழையோடு ஒட்டிக்கொள்ளும், நொதியும் செத்துப்போகும். ஊற்றிய பிறகு உடனே காயவிடக் கூடாது. ஈரம் இருக்கும் வரைதான் நொதி வேலை செய்யும் என்பதால், மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களில் எடை வைத்து ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு, அதன் பிறகு தாளை எடுத்துக் காற்றோட்டத்தில் உலர விட வேண்டும். வேலை நடக்கும்போது நாற்றம் முன்பைவிடக் கூடும். உடைபடும் பொருள்கள் வெளிவருவதுதான் காரணம். அந்தக் கட்டத்தில் பயந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அதே இடத்தில் முன்னரே ஃபினைல், கிருமிநாசினி, டிடர்ஜென்ட் ஏதாவது பட்டிருந்தால் அது நொதியைச் செயலிழக்கச் செய்யும். நன்றாக நீரால் அலசி எடுத்துவிட்டே என்சைம் திரவத்தை ஊற்ற வேண்டும். ப்ளீச்சிங் திரவத்தைச் சிறுநீரின் மேல் கொட்டவே கூடாது. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்து குளோரமின் என்ற நச்சுவாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மனிதருக்கும் ஆபத்து, பூனைக்கும் ஆபத்து. பீனால் கலந்த தரைத் துடைப்பான்களைப் பூனை உள்ள வீட்டில் அடியோடு தவிர்ப்பது நல்லது. பீனால் போன்றவற்றைக் கழிவாக்கி வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, தரையை மிதித்த பாதத்தை அது நக்கத்தானே போகிறது.

பரப்புக்குப் பரப்பு பலன் மாறுவதையும் சொல்லியாக வேண்டும். பளபளப்பான தரை ஓட்டில் ஒரே முறையில் போய்விடும். ஆனால் ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சு பஞ்சு மாதிரி உறிஞ்சுவதால் அந்தக் கோடுகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. துவைக்கக்கூடிய துணிகளை என்சைம் கலந்த நீரில் ஊறவைத்துவிட்டு வழக்கம்போல் துவைத்தால் போதும். பஞ்சு மெத்தையில் பொறுமை வேண்டும், ஆனால் வெற்றி கிடைத்தது. மெருகு பூசாத மரமும் பூச்சில்லாத சிமென்ட் தரையும்தான் தோல்வி. அவற்றில் பல காலமாக இறங்கிய சிறுநீரை எந்தத் திரவமும் முழுவதும் எடுக்கவில்லை. கழுவி உலர்த்தி, மேலே நாற்றத்தை அடைக்கும் பூச்சு அடிப்பதே தீர்வு. இந்த வரம்பை எந்த பாட்டிலும் தெளிவாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கிளீனரோடு சேர்த்து வாங்க வேண்டியது புற ஊதா டார்ச். எங்கே ஊற்றுவது என்று தெரியாவிட்டால் நல்ல திரவமும் பயன்படாது. 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் கிடைக்கிறது. முதல் வகை மலிவு, ஆனால் ஊதா வெளிச்சம் கண்ணில் நிறையப் படுவதால் மங்கிய கறைகள் அதில் மறைந்துவிடுகின்றன. 365 சற்றே விலை கூடினாலும் அதையே வாங்கலாம். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு தரையை ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் சோபாவின் பின்கால் ஒன்றில் மேலிருந்து கீழாக மெல்லிய மஞ்சள் கோடுகள் வழிந்து, கீழே ஓட்டின் ஓரத்தில் தேங்கி, அங்கிருந்து பூச்சுக் கோட்டின் வழியே ஒரு முழ நீளம் ஓடியிருந்தன. பகலில் அந்த இடத்தில் எதுவுமே தெரியாது. வழிந்த கோடுகள் நிற்கும் பரப்பில் தொடங்கியதால் அது தெளிப்பு என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிட்டது. துணி துவைக்கும் பவுடரின் வெண்மையூட்டியும் இந்த வெளிச்சத்தில் ஒளிரும் என்பதால் ஒளிர்வதெல்லாம் சிறுநீர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகர்ந்து உறுதி செய்து, சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டால் விளக்கைப் போட்ட பிறகு வேலை எளிது.

நாற்றம் நீங்கிவிட்டால் பூனை திரும்பிவராது என்று பாட்டிலில் எழுதியிருப்பது பாதி உண்மைதான். பெட்டி பிடிக்காத பூனை வேறொரு மூலையைப் பார்த்துக்கொள்ளும். எனவே அடுத்து மதிப்பிட வேண்டியது பெட்டியை. கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பூனைக்கு அல்ல, வீட்டின் மூலைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை என்பது என் உறுதியான கருத்து. பெட்டியின் நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள் பூனை மருத்துவ வல்லுநர்கள். வளர்ந்த பூனைக்கு இது எழுபது சென்டிமீட்டர் அளவில் வரும். கடைப் பெட்டிகள் பல ஐம்பதைத் தாண்டுவதில்லை. சிறிய பெட்டிக்குள் பூனை நான்கு காலும் வைத்து நிற்கிறது, திரும்ப இடமில்லாமல் பின்பகுதி விளிம்புக்கு மேலே போகிறது, சிறுநீர் வெளியே விழுகிறது. வெளியே இருப்பதைப் பார்த்து நாம் பூனையைக் குறை சொல்கிறோம்.

பெட்டி பிடிக்கவில்லை என்பதைப் பூனையே காட்டிவிடும். என் வயதான பூனை முன்பு இருந்த பெட்டியில் முன்னங்கால்கள் இரண்டையும் விளிம்பின் மேல் ஊன்றி, பின்னங்கால்களை மட்டும் மண்ணில் வைத்துச் சிறுநீர் கழிக்கும். மண்ணைத் தோண்டாது, மூடாது, முடிந்ததும் பாதத்தை உதறிவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பிராண்டிவிட்டு ஓடிவிடும். தோண்டாமல் இருப்பது, விளிம்பில் நிற்பது, மண்ணுக்குப் பதில் சுவரைப் பிராண்டுவது ஆகிய மூன்றும் மண்ணைத் தொட விருப்பமில்லை என்பதன் அடையாளங்கள். துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து கொடுத்த பிறகு அந்த நடத்தை நின்றது. செல்லப்பிராணிக் கடையில் எந்தப் பெட்டியும் இதற்கு ஈடாகவில்லை. வயதான பூனைக்கு அந்தத் தாழ்வான வாசல் மிக அவசியம். 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், 90 விழுக்காட்டுப் பூனைகளின் மூட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. உயரமான விளிம்பைத் தாண்டும்போது வலிக்கும் பூனை, பெட்டியின் வாசலிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது.

மூடியைப் பற்றி வாங்குபவர்களிடையே வாதம் நிறைய நடக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மூடிய பெட்டி, திறந்த பெட்டி இரண்டையும் வைத்துப் பார்த்ததில் பெரும்பாலான பூனைகள் வேறுபாடு காட்டவில்லை என்று தெரிவித்தது. பெட்டி பெரியதாகவும் சுத்தமாகவும் இருந்தால் மூடி பெரிய குற்றமல்ல. ஆனாலும் வெளியே சிறுநீர் கழிக்கும் பூனை உள்ள வீட்டில் நான் மூடியை எடுத்துவிடவே சொல்வேன். மூடியின் உள்ளே நாற்றம் தேங்குகிறது, கண்ணில் படாததால் அள்ளுவதை நாமும் தள்ளிப்போடுகிறோம், இரண்டு பூனைகள் இருந்தால் ஒன்று வாசலில் காத்திருந்து மற்றதை மடக்குகிறது. மேல்பக்கம் துளை வழியே குதித்து இறங்கும் பெட்டி மண் சிதறாமல் காக்கும். ஆனால் அது இளமையும் துணிச்சலும் உள்ள பூனைக்கு மட்டும். எத்தனை பூனைகளோ அதற்கு மேல் ஒன்று என்பது பெட்டிகளின் எண்ணிக்கைக்கான பொது விதி. அவற்றை ஒரே அறையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். தனித்தனி அறைகளில் வைத்தால் மட்டுமே விதி பலிக்கும். சலவை இயந்திரத்தின் பக்கத்திலும் உணவுக் கிண்ணத்தின் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

லிட்டர் மண்ணில் சோடியம் பென்டோனைட் களிமண்ணால் ஆன, கட்டியாகும் வகைக்கே என் முதல் மதிப்பெண். ஈரம் பட்டதும் உப்பி உருண்டையாகிவிடுவதால் சிறுநீரைத் தனியாக அள்ளி எறிய முடிகிறது, மீதி மண் காய்ந்தே இருக்கிறது. நுண்ணிய துகள், பாதத்துக்கு மென்மை. மணம் சேர்க்காததையே வாங்க வேண்டும். லாவெண்டர் மணம் நமக்காகச் சேர்க்கப்பட்டது, பூனைக்கு அது முகத்தில் அடிக்கும் நெடி. சிலிக்கா படிகங்கள் நாற்றத்தை நன்றாக உறிஞ்சுகின்றன, ஆனால் கூர்மையான துகள் சில பூனைகளின் பாதத்தை உறுத்துகிறது. மர உருளைகள் மலிவும் தூசியின்மையும் உள்ளவை. நகம் எடுக்கப்பட்ட பூனைக்கும் வயதான பூனைக்கும் பொருந்துவதில்லை. சோயாவால் செய்த டோஃபு மண் எடை குறைவு, அள்ள எளிது, ஆனால் ஈரக்காற்று உள்ள இடத்தில் பூஞ்சை பிடிப்பதால் பையைத் திறந்தபின் இறுக மூடி வைக்க வேண்டும். எது பிடிக்கும் என்பதைப் பூனைதான் சொல்ல முடியும்: ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளில் இரண்டு வகை மண்ணைப் போட்டு அருகருகே வைத்து, எதில் அதிகம் தோண்டுகிறது என்று பாருங்கள். ஒரே நாளில் மொத்தமாக மாற்றுவது சிக்கலை வரவழைக்கும், பழைய மண்ணில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். ஆழம் நாலைந்து சென்டிமீட்டர் போதும். மண்ணைச் சாப்பிட்டுப் பார்க்கும் வயதில் உள்ள குட்டிகளுக்குக் கட்டியாகும் வகை வேண்டாம்.

தானியங்கிப் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி, எடையையும் வந்துபோன தடவைகளையும் செல்பேசியில் காட்டுவதால் உடல்நலத்தைக் கவனிக்கவும் உதவும். ஆனால் ஏற்கெனவே பெட்டியை வெறுக்கும் பூனைக்கு, உள்ளே இடம் குறுகலாகவும் மோட்டார் சத்தமாகவும் உள்ள இயந்திரம் இன்னொரு காரணத்தைக் கொடுக்கிறது. நான் பயன்படுத்திய இயந்திரத்தில், பூனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சுழற்சி தொடங்கியது. உணர்வி அதை நிறுத்திவிட்டதால் அடிபடவில்லை என்றாலும், அதன் பிறகு இளம் பூனை அந்த அறைக்குள் வரவே பல நாள்கள் தயங்கியது. வெளியே சிறுநீர் கழிப்பது முழுவதும் நின்று, நிலைமை சீரான பிறகு, சாதாரணப் பெட்டியை எடுத்துவிடாமல் கூடுதலாக வைப்பதானால் மட்டும் யோசிக்கலாம்.

ஃபெரமோன் டிஃப்யூசர், பூனை கன்னத்தை உரசும்போது விட்டுச்செல்லும் சுரப்பின் செயற்கை நகலைக் காற்றில் பரப்புகிறது. மனித மூக்குக்கு மணமே தெரியாது. ஒரு கருவி 50 முதல் 70 சதுர மீட்டர் வரை காக்கும், ஒரு குப்பி ஒரு மாதம் வரும் என்பது வழக்கமான குறிப்பு. ஆய்வுகளின் முடிவுகள் ஒருமனதாக இல்லை. சிலவற்றில் தெளிப்பது குறைந்திருக்கிறது, சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. என் வீட்டில், ஜன்னலுக்கு வெளியே திரியும் பூனையைப் பார்த்துத் தெளிக்கும் இளம் பூனைக்கு ஓரளவு உதவியது, அதுவும் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைக்கும் தாள் ஒட்டிய பிறகு. பெட்டி பிடிக்காததால் வெளியே போகும் வயதான பூனைக்குத் துளியும் உதவவில்லை, உதவும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சோபாவுக்குப் பின்னால் உள்ள பிளக்கில் செருகினால் காற்றில் பரவாமல் துணியிலேயே தங்கிவிடும். தெளிப்பு இவற்றால் எல்லாம் குறையாவிட்டால் மருத்துவர் மனப் பதற்றத்தைக் குறைக்கும் ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்தை எழுதிக்கொடுப்பதுண்டு. அது பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

பூனையை அண்டவிடாமல் தடுக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் எலுமிச்சை, யூகலிப்டஸ், டீ ட்ரீ எனப்படும் தேயிலை மரம் போன்ற எண்ணெய்கள் இருக்கின்றன. தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. மற்ற எண்ணெய்களையும் அதன் கல்லீரல் கையாளச் சிரமப்படுகிறது. ஓர் இடத்திலிருந்து விரட்டப்பட்ட பூனை வேறோர் இடத்தில் சிறுநீர் கழிக்கும், அதோடு பயமும் சேர்ந்துகொள்ளும். அதற்குச் செலவிடும் பணத்தில் இன்னொரு பாட்டில் என்சைம் கிளீனர் வாங்கிவிடலாம். கறை முழுவதும் நீங்கி உலர்ந்த இடத்தில் பூனையின் உணவுக் கிண்ணத்தையோ படுக்கையையோ கொண்டுபோய் வையுங்கள். சாப்பிடுகிற, படுக்கிற இடத்தில் சிறுநீர் கழிப்பதைப் பூனைகள் பெரும்பாலும் தவிர்க்கும். அங்கேதான் கழிப்பேன் என்று அது தொடர்ந்து காட்டினால், அந்த இடத்திலேயே ஒரு பெட்டியை வைத்துவிட்டு, பூனை அதைத் தவறாமல் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நாளுக்கு ஒரு சாண் வீதம் நமக்கு வசதியான இடத்தை நோக்கி நகர்த்திக்கொண்டு போகலாம்.